செத்தவள் வேலை செய்கிறாள்

ஒரே ஒரு பக்கக் கடிதம்தான். அதைப் படித்து முடிக்கப் பூங்காவனத்துக்கு ஏழு மாசம் ஆயிற்று.

அவள் படிப்பு வராதவள் இல்லை. பெரணமல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள்தான். வக்கீல் நோட்டீஸைக்கூட எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். ஆனால் அந்தக் கடிதம் ஸ்பானிஷ் மொழியில் இருந்தது. ஆரணியில் பட்டு தெரிந்தவர்கள் தெருவுக்கு நூறு பேர், நெல்லு தெரிந்தவர்கள் அதற்கும் மேலே. ஸ்பானிஷ் தெரிந்த உயிர் ஒன்றே ஒன்றுதான், சந்தவாசல் ரோட்டில் மிஷன் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் இருந்த பிலார் சிஸ்டர். அந்த ஆஸ்பத்திரியில்தான் பூங்காவனம் காலை வேளையில் கட்டுத்துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் சடையப்பன் போனது எழுபத்திரண்டில். ஆரணிச் சேலை வாங்க மெட்ராஸிலிருந்து வந்துபோகும் சேட்டு ஒருவருக்கு ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த ஒரு தீவில் துணிக்கடை இருந்தது. வெள்ளைக்காரப் பெண்களுக்குப் பட்டை விரித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றார். சடையப்பன் தறியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்பான், பேச உட்கார்ந்தால் ராத்திரி பகல் தெரியாது. சேட்டுக்குத் தோதான ஆள். கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை. மூன்று வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனான்.

முதல் இரண்டு வருஷம் கடிதம் வந்தது. எழுபத்துநாலு தை மாசத்தோடு நின்றுபோனது. பூங்காவனம் அதற்கப்புறமும் பதினோரு கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்லாவது தொப்பென்று ஒரு சத்தம் கொடுக்கும்.

தெரு சும்மா இருக்குமா? உலைக்கு மூடி உண்டு, ஊர் வாய்க்கு உண்டா? கப்பலோடு முழுகிவிட்டான் என்றது ஒரு வாய். அவன் போனது ஏரோப்ளேனில் என்று சொன்னால், அப்போ அதோடுதான் விழுந்திருப்பான் என்றது அதே வாய். மாமியார் பொன்னியம்மாள் மட்டும் அசையவில்லை. மகன் திரும்பி வந்தால் படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேப்பிலை உடுத்திக்கொண்டு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதலைத் தினமும் மருமகள் காதில் விழும்படி ஞாபகப்படுத்தினாள், இவள்தான் அவனை ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதுபோல.

இதில் பூங்காவனத்தின் பிழைப்பும் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் அவளுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளுக்குத்தான் பாவு என்று பேர். தறியில் ஒரு பாவு முடிகிற நேரத்தில் புதுப் பாவை முதலிலிருந்து கோத்துக்கொண்டிருக்க முடியாது. பழைய பாவின் வால்நுனி ஒவ்வொன்றோடும் புது இழையை விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும், நாலாயிரம் ஐயாயிரம் இழை. அவள் பிணைத்தால் ஒரு இழை நழுவாது என்று பெயர். கல்யாணப் பட்டுக்கான முகூர்த்தப் பாவு என்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். ஆனால் முகூர்த்தப் பாவைச் சுமங்கலிதான் தொடலாம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதாத சட்டத்தை மீறவும் முடியாது. சடையப்பன் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் பூங்காவனத்தின் விரலுக்கு மரியாதை. அவன் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. சில பேர் கூப்பிடத் தயங்க ஆரம்பித்திருந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் எழுபத்தொன்பது ஆடியில், ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, தபால்காரர் அந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தார். சிஸ்டருக்கு வருகிற கடிதத்தில் இருக்கிற அதே தேசத்து ஸ்டாம்பு. முகவரியில் சடையப்பன் குடும்பம், ஆரணி என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. கையெழுத்து அவனுடையது இல்லை.

சிஸ்டரிடம் நீட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பார். அங்கேதான் பூங்காவனத்துக்குக் கை வரவில்லை. பிலார் சிஸ்டர் நல்ல மனுஷி, ஆனால் ரகசியம் அவர் வாயில் தங்காது. சந்தோஷமானாலும் துக்கமானாலும் வரிசையில் நிற்கிற நோயாளியைக் கட்டிப்பிடித்துச் சொல்லிவிடுவார். உள்ளே இருப்பது சாவுச் செய்தி என்றால் மத்தியானத்துக்குள் அவள் நெற்றியைத் துடைக்க ஆள் வந்துவிடும். முதலில் தனக்குத் தெரியவேண்டும், பிறகுதான் ஊருக்கு. அந்த ஒரு உரிமையாவது வேண்டும் என்று நினைத்தாள். கடிதத்தை வீட்டு மூலையில் இருந்த கழிவு நூல் மூட்டைக்குள் செருகி வைத்தாள்.

ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சிஸ்டரிடம் போய் நின்றாள்.

"சிஸ்டர், நீங்க தமிழு கத்துக்கணும்னு கஷ்டப்பட்டுகினு கீறீங்க இல்ல. நான் சொல்லித் தரேன். எனக்கு உங்க பாஷ சொல்லித் தாங்க."

சிஸ்டருக்கும் இவள் வயசுதான் இருக்கும், முப்பத்திரண்டு முப்பத்துமூன்று. ஆறு வருஷமாக ஆரணியில் இருந்தும் அவருக்கு வினைச்சொல் வசப்படவில்லை. கிழவரைப் பார்த்து "வாயைத் திற" என்பார், கன்றுக்குட்டியைப் பார்த்து "வாருங்கள்" என்பார். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான். உங்க ஊருல போயி துணி துவைக்கலாம்னு" என்றாள் பூங்காவனம். சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மருந்து கட்டி முடிந்தபிறகு அரை மணி நேரம். துவைத்த துணி கொடியில் காய, இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். சிஸ்டர் ஒரு நோட்டில் கோடு போட்டு ஆறு வரிசையாகப் பிரித்தார். நான், நீ, அவன் அல்லது அவள், நாங்கள், நீங்கள், அவர்கள். முதலில் எடுத்த வினை வேலை செய்வது. த்ரபஹார்.

"த்ரபாஹோ, நான் வேலை செய்கிறேன். த்ரபாஹாஸ், நீ செய்கிறாய். த்ரபாஹா, அவள் செய்கிறாள்."

"அவன்னாலும் அதேவா?"

"அதே."

"பரவால்லியே. எங்களுக்குத்தான் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வாலு. செய்றான், செய்றா, செய்றாரு, செய்யுது."

"ஐயோ," என்று சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "செய்யுது யார்?"

"மாடு."

தலை அப்படியே இருக்கும், வால்தான் மாறும். ஒன்றை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் அந்த இனத்து வினை எல்லாம் பின்னால் வரும் என்றார் சிஸ்டர். பூங்காவனத்துக்கு அது புதிதாகவே தெரியவில்லை. நின்ற இடத்தில் நிற்கிற பழைய நுனியில் புது இழையைப் பிணைப்பது அவள் தினமும் செய்கிற வேலை. பாவு முன்னால் உட்கார்ந்து விரல் ஓட ஓட, வாய்க்குள் சொல்லிப் பழகினாள். இப்போது நடப்பதற்கு த்ரபாஹோ, த்ரபாஹாஸ், த்ரபாஹா. நடந்து முடிந்ததற்கு த்ரபஹே, த்ரபஹாஸ்தே, த்ரபஹோ. இனிமேல் நடப்பதற்கு த்ரபஹரே, த்ரபஹராஸ், த்ரபஹரா. பக்கத்துத் தறியில் இருந்தவர்கள் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். புருஷன் திரும்பி வர ஏதோ ஜபம் என்று பொன்னியம்மாளே தெருவில் பெருமையாகச் சொன்னாள்.

அவளுக்குப் பிடித்தது நாங்கள் வரிசை. நோசோத்ரோஸ் த்ரபஹாமோஸ். நேற்று செய்தாலும் இன்று செய்தாலும் அந்த வரிசைக்கு ஒரே சொல்தானாம். மற்ற எல்லோருக்கும் காலம் மாறினால் வால் மாறுகிறது, இரண்டு பேராகச் சேர்ந்துவிட்டால் மாறாது. அதைக் கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கியது. பைத்தியக்காரி, அப்போது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

மூட்டையிலிருந்து கடிதத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாக வால் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது மாசம் முதல் வரி அகப்பட்டது. சடை என்ற பெயர், அதற்குப் பக்கத்தில் த்ரபாஹா. வேலை செய்கிறான். செய்தான் இல்லை, செய்கிறான். உயிரோடு இருக்கிறான்.

அன்றைக்கு அவள் ஒரு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். மாமியாருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டாள்.

மிச்சத்தைப் படிக்க ஒவ்வொரு சொல்லாகச் சிஸ்டரிடம் திருடவேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு. டியென்டா என்றால் கடை. கார்த்தாஸ் என்றால் கடிதங்கள். இஹோஸ் என்றால் பிள்ளைகள். சேட்டின் பிள்ளைகளாக இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மாசி மாசத்தில் மூன்றே சொல் பாக்கி.

"சிஸ்டர், எஸ்போசோன்னா? எஸ்போசான்னா?"

"கணவன். மனைவி."

"முரியோன்னா? இது நம்ம நோட்டுல இல்லியே. வாலப் பாத்தா முடிஞ்சுபோன மாதிரி கீது."

சிஸ்டர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். "முரியோ என்றால் இறந்துபோனது. இறந்துபோனான், இறந்துபோனாள். எங்கே பார்த்தாய் இதை?"

"உங்க பைபிள்ள," என்றாள் பூங்காவனம்.

கொடியில் இருந்த துணியை எல்லாம் எடுத்து மடித்தாள். ஒன்றைக்கூடக் கோணலாக மடிக்கவில்லை. மடித்துக்கொண்டே அந்த வரியை மனசுக்குள் பிணைத்தாள். சு எஸ்போசா முரியோ. அவனுடைய மனைவி இறந்துபோனாள்.

இப்போது முழுக் கடிதமும் அவள் முன்னால் நின்றது. எழுதியவள் பெயர் தோலோரெஸ். என் கணவர் சடை எங்கள் கடையில் வேலை செய்கிறார். இந்தியாவில் அவருடைய மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள் என்று சொல்கிறார். அவர் பெட்டியில் பதினோரு கடிதங்கள் பார்த்தேன். எழுதுவது யார்? தாயா, சகோதரியா? எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பதில் எழுதினால் போட்டோ அனுப்புகிறேன்.

தன் சாவுச் செய்தியைத் தானே ஏழு மாசம் கஷ்டப்பட்டுப் படித்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அதுவும் காய்ச்சலாம். பதினோரு கடிதத்தையும் அந்த மகராசன் கிழித்துப் போடவில்லை, பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தான். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கடிதத்தைக் கொண்டுபோய்த் தெரு நடுவில் போட்டு ஒப்பாரி வைக்கலாம். வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், உசுரோட கீறானே, உன் பொட்டுக்குப் பங்கம் இல்ல, பொறுத்துக்கோ என்பார்கள். முகூர்த்தப் பாவு பிணைக்கக் கூப்பிடுவார்கள். பொன்னியம்மாள்? பேரப்பிள்ளைகள் என்று கேட்டதும் எழுந்து ஆடுவாள். போட்டோவை வரவழைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்குப் பூ போடச் சொல்லி இவளிடமே கொடுப்பாள். கடிதம் மறுபடி மூட்டைக்குள் போனது.

எண்பத்தொன்றில் கொழுந்தன் தசரதன் பேச்சை எடுத்தான். கடைசித் தகவல் வந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஏழு வருஷம் தகவல் இல்லாதவனுக்குத் தர்ப்பையில் ஆள் செய்து கருமாதி பண்ணிவிடுவது வழக்கம். பண்ணாமல் விட்டால் ஆவி அலையும், வீட்டில் நல்லது நடக்காது என்றான். ஆவியைப் பற்றித் தசரதனுக்கு இருந்த கவலையைவிடத் அண்ணன் பங்கான தெற்குப் பக்கத்து அறையைப் பற்றித்தான் கவலை அதிகம். அதில் இன்னொரு தறி போட ஒரு தறிக்குழி தோண்டலாம் என்று இரண்டு வருஷமாக அளந்துகொண்டிருந்தான்.

தெருப் பெரியவர் துரைக்கண்ணு தலைமையில் உட்கார்ந்து பேசினார்கள். பொன்னியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

"எம் புள்ள உசுரோட கீறாண்டா! பெத்த வயிறு சொல்லுது எனக்கு. பாவிங்களா, உசுரோட கீறவனுக்குக் கொள்ளி வைப்பீங்களாடா?"

துரைக்கண்ணு கையைக் காட்டி அடக்கினார். "பெத்தவ பேச்சும் வேணும், கட்டுனவ பேச்சும் வேணும். பொட்டும் பூவும் போறது அவளுக்குத்தான். ஏம்மா பூங்காவனம், நீ இன்னா சொல்ற? அவன் உசுரோட கீறான்னு உனக்கு எதுனா தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, வுட்டுடலாம்."

நூல் மூட்டை பத்தடி தூரத்தில் இருந்தது. பெற்ற வயிறு பொய் சொல்லவில்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எழுந்துபோய்க் கடிதத்தை எடுத்து வந்தால் பொட்டு நிற்கும், பூ நிற்கும், தொழில் நிற்கும். செத்துப்போனவளாக ஒரு வீட்டிலும் சுமங்கலியாக ஒரு வீட்டிலும் அவள் காலத்தைத் தள்ளலாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள். "செஞ்சுடுங்க."

கமண்டல நாகநதிக் கரையில் எரித்தார்கள். தர்ப்பைப் பொம்மைக்கு அவன் பழைய சட்டையைப் போர்த்தினார்கள். பொம்மை அவனைவிடத் தடியாக இருந்தது, பொத்தான் போட முடியவில்லை. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். துக்கம் தாங்காமல் குலுங்குகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் தாங்கிப் பிடித்தாள். அவன் காய்ச்சலில் கொன்றான், நான் நெருப்பில் கொன்றேன், கணக்கு சரி என்று நினைத்தாள். வளையல் உடைக்கும்போது அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கையில் கீறி ரத்தம் வந்தது. அன்றைக்கு அவள் அழுதது நிஜமான அழுகை. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கணக்கு சரியாகவும் இல்லை. அடுத்த மாசமே முகூர்த்தப் பாவுக்கு வேறு ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் பிணைத்த பாவில் முப்பது இழை நழுவியது என்று கேள்விப்பட்டாள். நழுவினால் என்ன, சுமங்கலி நழுவவிட்டதாயிற்றே. பூங்காவனம் ஆஸ்பத்திரி வேலையைக் காலை, மாலை இரண்டு வேளையுமாக ஆக்கிக்கொண்டாள். எண்பத்திரண்டில் பிலார் சிஸ்டரை வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அந்த நோட்டை இவளிடமே கொடுத்துவிட்டு, "நான் வேலை செய்கிறது, பூங்காவனம்," என்று கட்டிக்கொண்டு அழுதார். கடைசி வரைக்கும் வால் மாறவே இல்லை.

மாமியார் முகம்தான் அவளைத் தின்றது. பொன்னியம்மாள் கருமாதிக்கு அப்புறம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எண்பத்துநாலு மார்கழியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு விடியற்காலை மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, நீயாவது நெசம் சொல்லு. எல்லாரும் என்னப் பைத்தியம்னு சொல்லிகினு கீறாங்க. எம் புள்ள செத்துதான் பூட்டானா?"

மூட்டையை அவிழ்க்க ஒரு நிமிஷம் போதும். அவன் இருக்கிறான் அத்தை, உனக்கு இரண்டு பேரப்பிள்ளை என்று சொல்லியிருந்தால் கிழவி சிரித்த முகத்தோடு போயிருப்பாள். அதற்கப்புறம் அந்தச் சேதி தெருவுக்குப் போகும். இத்தனை நாள் தெரிந்து வைத்திருந்தே எரிக்கச் சொன்னாயா என்று கேட்பார்கள். பூங்காவனத்துக்குப் பயமாக இருந்தது. அதுதான் உண்மை, கோபம்கூட இல்லை, வெறும் பயம்.

"செத்துட்டாருங்க அத்த," என்றாள்.

கிழவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். படவேட்டு வேண்டுதல் அப்படியே நின்றது.

அந்தப் பாவத்தைத் தனியாகச் சுமக்கப் பூங்காவனத்துக்குத் தெம்பு இல்லை. காரியம் முடிந்த மறுநாள் நோட்டை எடுத்தாள். ஐந்து வருஷம் பதில் எழுதாமல் இருந்த கடிதத்துக்குப் பதில் எழுதினாள். அவளுக்கு முழுசாக வசப்பட்டது ஒரே ஒரு வினை. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னாள். சு எஸ்போசா நோ முரியோ. அவனுடைய மனைவி இறக்கவில்லை. த்ரபஹோ, த்ரபாஹா, த்ரபஹரா. வேலை செய்தாள், வேலை செய்கிறாள், வேலை செய்வாள். கீழே ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் அதே எழுத்தில் எழுதினாள். தபாலாபீஸில் ஸ்பெயினுக்கா, யாருக்கு என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு என்றாள்.

அந்த ஒரு வரி அங்கே போய் என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவில்லை. அங்கே ஒரு வீட்டில் தான் பிணமாகக் கிடப்பது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். போய் எழுப்பிவிட்டு வந்தாள்.

எண்பத்தைந்து ஆனி மாசம், உச்சி வெயிலில் வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. பேண்ட் சட்டை, சாயம் போட்ட தலைமுடி, கையில் ஒரு தோல் பெட்டி. இறங்கியவனைத் தெருவில் அடையாளம் தெரியாத கண் ஒன்றுகூட இல்லை. தெரிந்ததாகச் சொன்ன வாயும் ஒன்றுகூட இல்லை. தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

தசரதன் வாசலுக்கு வந்தான். தெற்கு அறையில் அவன் தோண்டிய தறிக்குழிக்கு நாலு வயசு ஆகியிருந்தது. அண்ணனை மேலும் கீழும் பார்த்தான்.

"யாருங்க வேணும்?"

"டேய் தசரதா! நான்டா!"

"எந்த நானு? எங்க அண்ணன் செத்து நாலு வருசம் ஆவுதுங்க. வருசா வருசம் காக்காவுக்குச் சோறு வச்சிகினு கீறோம்."

சடையப்பன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணா ஆயிடுமா என்றான் தசரதன். கூட்டம் சேர்ந்தது. துரைக்கண்ணு தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் பொதுவாகப் பேசினார்.

"கருமாதி பண்ண ஆளு திரும்பி வந்தா அதுக்கும் மொற கீது. புண்ணியதானம் பண்ணி, புதுசாப் பேரு வச்சி, மறுபடி தாலி கட்டி ஊட்டுக்குள்ள அழைச்சுக்கணும். ஆனா இன்னாரு தான்னு கட்டுனவ வாயால சொல்லணும். பூங்காவனத்தக் கூப்புடு."

அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். வெறும் நெற்றி. அவளைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. தன் சாவு ஒரு பெண்ணின் முகத்தில் எப்படி இருக்கும் என்று அதுவரை அவன் பார்த்ததில்லை.

"பூங்காவனம், நீயே சொல்லு. இவங்க என்னப் பேஜாரு பண்றாங்க. உன் கடுதாசியப் பாத்துட்டுத்தான் அவ என்ன... அந்தக் கடைய வுட்டு அனுப்சிட்டாங்க. நீதான எழுதுன? இதோ, உன் கடுதாசி."

மடித்த காகிதத்தை உயரத் தூக்கிக் காட்டினான். அதன் அடியில் பூங்காவனம் தன் பெயரையே எழுதியிருந்தாள். தசரதன் அதைப் பிடுங்கிப் புரட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கொல்லென்று சிரித்தான்.

"இங்கிலீசுல கீதுயா! எங்க அண்ணி இங்கிலீசுல கடுதாசி எழுதுச்சாம். எட்டாங்கிளாசு படிச்சிட்டு ஆஸ்பத்திரில துணி துவைக்குது அது. யாருகிட்ட கத உடற?"

தெருவே சிரித்தது. அத்தனை பேரும் அவளை ஒன்றும் தெரியாதவளாகவே பார்த்துப் பழகியது அன்றைக்கு ஒரு நாள் அவளுக்கு உதவியது. இருந்தாலும் சிரிப்பு அடங்கியதும் எல்லாக் கண்ணும் அவள் மேல் வந்து நின்றது. தசரதன் கண்ணில் மட்டும் கெஞ்சல் இருந்தது, தறிக்குழியை நினைத்து.

ஆமாம், இவர்தான் என்று ஒரு சொல். பொட்டு திரும்பும். முகூர்த்தப் பாவு திரும்பும். நாளைக்குக் காலையில் அவள் கழுத்தில் மறுபடி மஞ்சள் கயிறு ஏறும், கட்டுகிறவன் அவளைக் காய்ச்சலில் கொன்றவன். எடுத்துக்கொள்ளத்தான் சொன்னது அவள் ஆசை, பொய் சொல்லக்கூடாது. விரல்கள் நாலு வருஷத்துக்கு முந்தின பட்டை நினைத்துத் தாமாக முறுக்கிக்கொண்டன. கூடவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட ஒரு கிழவியின் முதுகும் ஞாபகம் வந்தது. இவன் வந்து நின்றால் அந்த முதுகு திரும்பிப் பார்க்குமா?

உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். வெயிலில் வந்த யாருக்கும் கொடுப்பதுதான். குனிந்து அவன் கையில் கொடுக்கும்போது, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, ஒரு இழை நழுவாமல் சொன்னாள்.

"சு எஸ்போசா முரியோ."

அவன் கையில் டம்ளர் சாய்ந்து தண்ணீர் சட்டையில் கொட்டியது. அந்தச் சொற்களை அவன் வாயே எத்தனை பேரிடம் சொல்லியிருக்குமோ, இந்தத் தெருவில், இந்த வாயிலிருந்து அவை திரும்பி வரும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டான். அவளைப் பார்த்தான். எல்லாம் தெரியும், ஆதியிலிருந்து தெரியும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்க அவனுக்கு ஏழு மாசம் தேவைப்படவில்லை.

பூங்காவனம் துரைக்கண்ணு பக்கம் திரும்பினாள்.

"இவரு யாருன்னு தெரியலீங்க. எங்கூட்டுக்காரரு செத்துட்டாருங்க. நீங்கதான கிட்ட இருந்து எரிச்சீங்க."

துரைக்கண்ணு தரையைப் பார்த்தார். "அப்பறம் இன்னா, போங்கய்யா, வேலையப் பாருங்க," என்றார். சடையப்பன் அம்மாவைக் கேட்டான், அம்மா எங்கே என்று. அதற்கு மட்டும் தசரதன் பதில் சொன்னான், இனிமேல் பெற்ற வயிறு சாட்சிக்கு வராது என்ற தைரியத்தில். அதைக் கேட்டுவிட்டுச் சடையப்பன் டம்ளரைப் படியில் வைத்தான். ஜட்கா போய்விட்டிருந்தது. பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே போனான். முனை திரும்புகிற வரைக்கும் யாரும் தறியில் உட்காரவில்லை.

ஜெயித்தவளுக்கு இருக்கவேண்டிய சந்தோஷம் அவளுக்கு இல்லை. வாயெல்லாம் கசந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. தசரதன் பெண்டாட்டி வழக்கத்துக்கு விரோதமாக அண்ணி, அண்ணி என்று இரண்டு தரம் வந்து சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் துணி குவிந்து கிடந்தது. தொட்டியில் நனைத்துக் கும்மிக்கொண்டே, பழக்க தோஷத்தில், வாய் அதுவாக ஆரம்பித்தது. த்ரபாஹோ, த்ரபாஹாஸ், த்ரபாஹா. நாங்கள் வரிசை வந்தது. வாயை மூடிக்கொண்டு, கையில் இருந்த துணியைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்தாள்.